கஷ்டத்திலிருந்து மீண்ட சாதாரண மனிதர்களை வானொலிக்காகப் பேட்டி எடுப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் இதழியல் படிக்கும் மாணவர். பக்கத்து ஊர் வானொலியில் வாரம் ஒருவரைப் பேட்டி எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்களாம். ஆட்களை எங்கே தேடுவது, புண்ணைக் கிளறாமல் எப்படிக் கேட்பது, பேசுகிறவர் அழுதால் என்ன செய்வது, பதிவு செய்ததை எந்த அளவுக்கு வெட்டலாம் என்று கேட்டிருக்கிறார். டெல்டா கடற்கரைப் பக்கம் ஒரு சமுதாய வானொலியில் (சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தும் சிறிய வானொலி) இதே மாதிரி நிகழ்ச்சியைத் தயாரித்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

இந்த நிகழ்ச்சி யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், பேட்டி கொடுப்பவர் நேற்று இருந்த அதே நிலையில் இன்று இருக்கிறாரே, அவருக்காக. தண்டல்காரர் வாசலில் நிற்கும்போது உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும் வீடு ஒன்று எப்படியும் இருக்கும். அந்த வீட்டுக்காரருக்கு, "மன உறுதியால் வென்றார்" என்று சொல்வதால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. கேட்கப் போனால், தனக்கு மட்டும் அந்த உறுதி இல்லையோ என்ற குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். மீண்டு வந்தவர் யாரிடம் கடன் கேட்டார், எத்தனை வட்டிக்கு, எந்த அலுவலகத்தில் எந்தச் சீட்டுக்காக நின்றார், அவர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? கேட்கிறவருக்கு வேண்டியது இதெல்லாம்தான்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். தலைச்சுமையாக மீன் விற்கிறவர். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. "அந்த நேரத்துல உங்க மனசு எப்படி இருந்துச்சுக்கா?" என்று கேட்டால், "என்னத்தச் சொல்ல தம்பி, கஷ்டந்தான்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். துக்கம் விசாரிக்க வந்த எல்லாருக்கும் அவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் அது. அதற்குப் பதிலாக, "மொத நாள் கூடையைத் தூக்குனீங்களே, அன்னைக்கு மீன் எடுக்க ஏது பணம்?" என்று கேட்டேன். பேச ஆரம்பித்துவிட்டார். தெருவில் ஒரு ஆச்சி, ஏலத்தில் தன் கணக்கில் இவருக்கும் சேர்த்து எடுத்துக் கொடுத்தாராம். "வித்துட்டுக் குடுடி, நான் இருக்கேன்" என்றாராம். ஏலக்காரருக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஜாமீன். எந்த ஊருக்கு நடந்தார், யார் வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கிடைத்தது, மிஞ்சிய மீனைக் கருவாடாகப் போட யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

மனசைப் பற்றிக் கேட்டால் தேய்ந்த பதில்தான் வரும். காசு, சோறு, வழி, ஆட்கள் என்று கேளுங்கள், மனசு தானாக வெளியே வரும். இன்னொன்றும் நடக்கும். தனி ஆளாகப் போராடி ஜெயித்தவர் என்று நாம் நினைத்துக்கொண்டு போன கதைக்குள் ஒரு ஆச்சி, ஒரு பஸ் கண்டக்டர், ஒரு சத்துணவு ஆயா என்று மனிதர்கள் வந்து உட்காருவார்கள். அவர்களை எடிட்டிங்கில் வெட்டாதீர்கள். கேட்கிறவர்களில் யாராவது ஒருவர் அடுத்த வீட்டுக்கு அந்த ஆச்சியாக மாறினால் நல்லதுதானே.

அந்த அக்கா கதையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது சான்றிதழ். உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்றிதழ் லேசில் வராது. ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் ஒருவர் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. புயல் மாதிரிப் பெரிய விபத்தாக இருந்தால் அரசு தனி ஆணை போட்டு விதியைத் தளர்த்தும். ஒரே ஒரு படகு காணாமல் போனால் அந்தக் குடும்பம் அலைய வேண்டியதுதான். சான்றிதழ் இல்லை என்றால் விதவை உதவித்தொகை, வாரிசுச் சான்று, காப்பீடு எல்லாமே தள்ளிப்போகும். ஊர்க்காரர்கள் பொட்டை அழிக்கச் சொல்வார்கள், அலுவலகத்தில் கணவர் உயிரோடு இருப்பதாகக் கணக்கு. அந்த ஆண்டுகளை அவர் எப்படிக் கடத்தினார் என்பதுதான் பேட்டி. பொதுவாக இந்தப் பகுதியை "பல இன்னல்களுக்குப் பிறகு" என்று அறிவிப்பாளர் ஒரே வரியில் தாண்டிவிடுவார். நீங்கள் அங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

அடுத்து, நீங்கள் எந்த மாதிரி வானொலியில் இருக்கிறீர்கள் என்பது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-ல். 2004-ல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். தொடங்கியது. 2006-ல் விதியை மாற்றிய பிறகுதான் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த முடிந்தது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 2016-லிருந்து இயங்குகிறது. இந்த நிலையங்களுக்கு அனுமதிக்கப்படும் சக்தி பொதுவாக 100 வாட். சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கேட்கும், அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை இந்தப் பேட்டிகளின் பலமும் ஆபத்தும் இந்தப் பத்துக் கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

சென்னையிலிருந்து ஒலிபரப்பினால் கேட்பவருக்குப் பேசுகிறவர் யாரோ ஒருவர். எங்கள் எல்லைக்குள் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அவர் வட்டிக்கு வாங்கியதைச் சொன்னால் வட்டி கொடுத்தவரும் கேட்பார். மாமியார் வீட்டில் நடந்ததைச் சொன்னால் மாமியாரின் அண்ணன் கேட்பார். பேசிய மனிதர் மறுநாள் காலை அதே தெருவில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், அவர் மகளுக்கு அதே சுற்றுவட்டாரத்தில்தான் மாப்பிள்ளை பார்க்க வேண்டும். அதனால் ஒலிபரப்புவதற்கு முன் முழு நிகழ்ச்சியையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள், முடிந்தால் வீட்டில் அவர் நம்பும் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பதிவு செய்த அன்றே சம்மதம் வாங்கினால் போதாது. மனம் திறந்து பேசிய சூட்டில் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். சில நாள் கழித்துப் போய், "இந்த எடம் இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?" என்று கேளுங்கள். எடுக்கச் சொன்னால், நிகழ்ச்சியின் உயிரே அந்த இடத்தில் இருந்தாலும், எடுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

பெயரை மாற்றிவிட்டேனே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பத்திரிகையில் பெயரை மாற்றினால் ஓரளவு போதும். வானொலியில் குரலே முகவரி. எந்திரத்தில் போட்டுக் குரலை மாற்றினால், பாதிக்கப்பட்டவர் குற்றவாளி மாதிரி ஒலிக்கிறார். அது அவருக்கு நாம் செய்யும் அவமரியாதை. பேசுகிறவர் யார் என்று தெரியக் கூடாத கதைகளில் அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, வேறொரு பெண்ணைப் பேசவைத்து, இது வேறொருவர் குரல் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பெயர் மட்டுமல்ல, பள்ளி, குடும்பம், தெரு என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்பது 2012-ன் போக்சோ சட்டத்திலேயே இருக்கிறது. சின்ன ஊரில் "எட்டாம் வகுப்பு மாணவி" என்ற ஒரு விவரமே போதும், யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆட்களை எப்படித் தேடுவது? சாதனையாளர் விருது வாங்கியவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அவர்கள் கதையை மேடைகளில் சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருப்பார்கள். மகளிர் குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம செவிலியர், தபால்காரர் என்று போங்கள். செவிலியருக்கு ஊரின் எல்லா வீட்டுக் கதையும் தெரியும். ஆனால் அவரிடம் பெயர் கேட்காதீர்கள். "பேச விருப்பம் இருக்கறவங்க இருந்தா எங்க நம்பரைக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். தானாக வருகிறவர்தான் மனம்விட்டுப் பேசுவார்.

பதிவுக்கு ஸ்டுடியோவை விட அவர் வீடு நல்லது. ஃபேனை நிறுத்துங்கள், இருவர் போனையும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள், மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கொஞ்சம் பக்கவாட்டாகப் பிடியுங்கள். ஹெட்போன் போடாமல் பதிவு செய்யவே செய்யாதீர்கள். அவர் பேசும்போது "ம்ம்", "ஆமாக்கா" என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டப் பழகுங்கள், இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒவ்வொரு வரியிலும் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். கிளம்புவதற்கு முன் யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களை மறைக்க அது கட்டாயம் தேவைப்படும்.

பேட்டி எடுப்பவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் டேவ் ஐசே 2003-ல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறிய பதிவறை வைத்து ஸ்டோரிகார்ப்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒருவரையொருவர் தெரிந்த இரண்டு பேர் உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசுவார்கள், உதவிக்கு ஒரு பணியாளர் கூட இருப்பார். அதிலிருந்து சில நிமிடங்களை அந்த நாட்டின் பொது வானொலியில் ஒலிபரப்புகிறார்கள். நம் ஊருக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. மீன் விற்கும் அக்காவிடம் அவர் மகளைக் கேட்கவைத்தோம். "நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அழுதப்ப ஏம்மா அடிச்ச?" என்று அந்தப் பெண் கேட்டது. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமையும் கிடையாது, தோன்றியும் இருக்காது.

அழுதால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மைக்கைக் கீழே வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், இன்னொரு நாள் பேசலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும், "இல்ல, சொல்லிர்றேன்" என்பார்கள். அழுகைச் சத்தத்தை நான் ஒலிபரப்புவதில்லை. அடியில் சோக இசையும் போடுவதில்லை, எந்த இடத்தில் வருத்தப்பட வேண்டும் என்று நேயருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தை மட்டும் முழுதாக வைப்பேன். ரெக்கார்டரை நிறுத்திய பிறகு முக்கியமான விஷயம் வந்து விழுவதும் உண்டு. அப்போது அவர் பேச்சை நிறுத்தி, ரெக்கார்டரை மறுபடி போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். தெரியாமல் பதிவு செய்வது திருட்டு.

வெட்டும்போது முதலில் உங்கள் குரலை வெட்டுங்கள். வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். நடந்தவற்றின் வரிசையை மாற்றாதீர்கள். முடிவில் வெற்றி முழக்கம் வேண்டாம். அந்த அக்காவுக்கு இன்னமும் குழுக் கடன் இருக்கிறது, மூட்டுவலியும் இருக்கிறது. இரண்டையும் நிகழ்ச்சியிலேயே சொன்னோம், அதைக் கேட்டுத்தான் அதே நிலையில் இருந்த பெண்கள் நிலையத்துக்கு போன் செய்தார்கள்.

அப்படி அழைப்பவர்களுக்கு என்ன சொல்வது என்று ஒலிபரப்புக்கு முன்பே தயாராக இருங்கள். பணம் அனுப்புகிறேன் என்பவர்களிடம் அவர் எண்ணைக் கொடுக்காதீர்கள், அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சான்றிதழ், வழக்கு மாதிரி விஷயம் வந்தால், அடுத்த நாளே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒருவரைப் பேசவையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சட்ட உதவிக்கான 15100 என்ற இலவச எண்ணை எழுதிக்கொள்ள நேரம் கொடுத்து இரண்டு முறை சொல்லுங்கள். ஒலிபரப்பு நேரத்தையும் விசாரித்து வையுங்கள். எங்கள் பக்கம் காலையில் போட்டால் மீன் விற்கும் பெண்கள் சந்தையில் இருப்பார்கள், ராத்திரி எட்டு மணிக்கு மறுஒலிபரப்பு செய்தால்தான் அவர்கள் காதுக்குப் போகும்.