யூதச் சமூக மையங்களில் ஹனுக்கா விழாவின் தேதி ஆண்டுதோறும் மாறுவது ஏன்? யூதரல்லாதவர் போகலாமா?

யூதர்கள் எட்டு நாள் கொண்டாடும் விளக்குத் திருவிழாவான ஹனுக்கா 2024இல் டிசம்பர் 25 மாலை தொடங்கியது. 2025இல் டிசம்பர் 14 மாலையே தொடங்கிவிட்டது. ஆனால் எபிரேய நாட்காட்டிப்படி அது எப்போதும் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள்தான். மாதங்கள் நிலவைப் பின்பற்றுவதால், பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தாலும் சூரிய ஆண்டைவிடச் சில நாட்கள் குறையும். பருவம் பிசகாமலிருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். சூரியன் மறைந்ததும் புதிய நாள் பிறப்பதால் விளக்கேற்றுவதும் பொதுவாக இருட்டிய பிறகே.

தாராளமாகப் போகலாம். போலந்தின் கிராகோவ் நகரில் 2008இல் திறக்கப்பட்ட யூதச் சமூக மையத்தில் தன்னார்வலர்களாக உழைப்பவர்களில் பலர் யூதரல்லாதவர்கள்தான்.

போனால் விளக்கைக் கவனியுங்கள். ஒன்பது கிளைகளில் ஒன்று மட்டும் தனித்து நிற்கும். அதிலுள்ள மெழுகுவத்தியால்தான் மற்றவற்றை ஏற்றுவார்கள். முதல் நாள் ஒன்று, எட்டாம் நாள் எட்டு. வலமிருந்து இடமாக நட்டுவைத்து, புதிதாக வந்ததை முதலில் ஏற்றுவது வழக்கம். எருசலேம் கோவிலில் ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாகச் சொல்லப்படும் அற்புதத்தின் நினைவாக உருளைக்கிழங்கு அடையும் ஜாம் வைத்த டோனட்டும் பொரிப்பார்கள். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போவது நல்லது.

குழந்தைகள் நான்கு முகப் பம்பரம் சுற்றுவார்கள். அதன் எழுத்துகள் 'அங்கே பெரிய அற்புதம் நடந்தது' என்பதன் முதலெழுத்துகள். இஸ்ரேலில் விற்கும் பம்பரத்தில் ஓர் எழுத்து மாறி, 'இங்கே' என்றாகிவிடும்!

யூதர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா விருந்து வேறு மாதிரி: உட்கார்ந்து, அந்தக் கதையை வாசித்து, நிதானமாகச் சாப்பிடும் இரவு. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.