நேரலை ஆட்டங்கள் இணையத்துக்குப் போனால் சேனல்களின் கதி என்ன?

கேள்வி: விளையாட்டுச் சேனல் ஒன்றின் விளம்பர விற்பனைப் பிரிவில் வேலை செய்கிறேன். போட்டிகளை இணையத்தில் நேரலையாகப் பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். விளம்பரதாரர்கள் அதையே காரணம் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். எங்கள் தொழில் நிலைக்குமா? இதிலேயே தொடரலாமா, இப்போதே வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டுமா?

பதில்: தொடரலாம். ஆனால் உங்கள் சேனலுக்கு அடி எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டு தொடருங்கள். பார்வையாளர் எண்ணிக்கை குறைவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிடப் பலத்த அடி சந்தாவில் விழுகிறது என்பது என் கணிப்பு.

கேபிள், டிடிஎச் தொகுப்புகளில் விளையாட்டுச் சேனலும் சேர்ந்தே வரும். ஓர் ஆட்டம்கூடப் பார்க்காத குடும்பமும் அதற்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பணத்தை நம்பித்தான் சேனல்கள் ஒளிபரப்பு உரிமை ஏலத்தில் பெருந்தொகைக்குக் கை தூக்கின. இணையம் அந்தத் தொகுப்பையே கலைத்துவிட்டது. ரசிகர்கள் போட்டி நடக்கும் மாதங்களுக்கு மட்டும் செயலிக்குச் சந்தா கட்டுகிறார்கள். ஆட்டம் பார்க்காதவர்களோ இணைப்பையே துண்டித்துவிடுகிறார்கள். வரவு இப்படிச் சுருங்கினாலும், உரிமைக்கு ஒப்புக்கொண்ட தொகையில் ஒரு காசு குறையாது. அமெரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட அணிகளின் ஆட்டங்களை அந்தந்த வட்டாரங்களில் ஒளிபரப்பிவந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குழுமம் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியதற்கு இதுவே முக்கியக் காரணம். அதன் தலைமேல் பெருங்கடனும் இருந்தது. ஆனால் அந்த அணிகளின் ரசிகர்கள் எங்கும் போய்விடவில்லை. சந்தா கட்டும் வீடுகள்தான் குறைந்தன.

இரண்டாவது அடி ஏலத்தில். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் உரிமைகளை 2022-இல் விற்றபோது, இந்தியாவுக்கான தொலைக்காட்சி உரிமையும் டிஜிட்டல் உரிமையும் தனித்தனியாக ஏலம் போயின. தொலைக்காட்சிக்கு 23,575 கோடி ரூபாய் கொடுத்தது டிஸ்னி ஸ்டார். டிஜிட்டலுக்கு 20,500 கோடி கொடுத்த வயாகாம்18, 2023 பருவத்தை ஜியோசினிமாவில் இலவசமாகவே காட்டியது. ஒரே ஆட்டம், ஒரே நேரம், ஒரே விளம்பரதாரர்கள். விற்பவர்கள் மட்டும் இருவர். உங்கள் வாடிக்கையாளர் இன்று பேரம் பேசும் துணிச்சல் இந்தப் பிரிவினையிலிருந்து வந்ததுதான். இந்தப் போட்டி இருவருக்குமே கட்டுப்படியாகாது என்பது விரைவில் தெரிந்தது. இரு தரப்பின் ஊடகத் தொழில்களும் 2024 நவம்பரில் ஒன்றாக இணைந்தன.

அடுத்து, உங்கள் மேசைக்கு நேராக வரும் விஷயம். கிரிக்கெட்டில் ஓர் ஓவர் முடிகிறது. தொலைக்காட்சியில் அந்த இடைவெளியில் எல்லா வீடுகளிலும் ஒரே விளம்பரம் ஓடும். பத்து விநாடிக்கு இவ்வளவு என்று நீங்கள் விற்றது. இணைய நேரலையில், இடைவெளி தொடங்குகிறது என்று சொல்லும் குறியீடு ஒன்று காட்சியோடு சேர்ந்தே போகிறது. அதைப் படித்ததும் சர்வர் ஒவ்வொரு பார்வையாளருக்கும் வெவ்வேறு விளம்பரத்தைச் செருகுகிறது. கார் வாங்க நினைப்பவருக்குக் கார், மாணவருக்குக் கைபேசி. விலையும் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்ற கணக்கு. சிறிய பட்ஜெட்காரர் பெரிய போட்டியில் முதல்முறையாக உள்ளே வர இது வழிசெய்தது. இவர்களில் பலர் முன்பும் உங்களிடம் வந்திருக்க முடியாதவர்கள். ஆகவே இணையம் ஈட்டும் ஒவ்வொரு ரூபாயும் உங்களிடமிருந்து பறித்தது என்று நினைத்துப் பதற வேண்டாம்.

தொலைக்காட்சிக்கென்று இன்னும் அசைக்க முடியாத பலம் உண்டு. செயற்கைக்கோள் வழியாக வரும் காட்சியை இன்னும் ஒரு லட்சம் வீடுகள் பார்த்தாலும் ஒளிபரப்பும் செலவு கூடாது. இணையத்தில் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரவு அனுப்ப வேண்டும். கூட்டம் சேரச் சேரச் செலவும் ஏறும், திணறும் அபாயமும் ஏறும். 2018 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் நிறுவனத்தின் நேரலை தடுமாற, ஆட்டங்களை எஸ்பிஎஸ் தொலைக்காட்சியும் காட்ட வேண்டியதாயிற்று. 2024 நவம்பரில் மைக் டைசன், ஜேக் பால் குத்துச்சண்டையைக் காட்டிய நெட்ஃபிளிக்ஸிலும் படம் நின்று நின்று ஓடியதாக ஏராளமான புகார்கள் எழுந்தன. தாமதமும் உண்டு. காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டிச் சுருக்கி அனுப்பி, கருவி சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே திரையில் ஓடும். அரை நிமிடம் பின்தங்குவது சாதாரணம். பக்கத்து வீட்டில் கோல் என்று கத்திய பிறகு உங்கள் திரையில் பந்து நடுக்களத்தில் உருண்டுகொண்டிருக்கும். அமெரிக்கக் கால்பந்தின் வியாழக்கிழமை ஆட்டங்களை 2022 முதல் அமேசானுக்குக் கொடுத்த என்எஃப்எல் என்ற லீக்கூட, மோதும் இரு அணிகளின் சொந்த நகரங்களில் அவற்றைச் சாதாரணத் தொலைக்காட்சியிலும் காட்ட ஏற்பாடு செய்தது. எல்லோரையும் ஒரே நேரத்தில் சென்றடையும் வழியை லீக்குகள் எளிதில் கைவிடாது.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். தொலைக்காட்சி நேரத்தை மட்டும் விற்கத் தெரிந்தவருக்கு வாய்ப்பு குறையும். இரண்டையும் சேர்த்து விற்கத் தெரிந்தவருக்குக் கிராக்கி. ஆயிரம் பார்வைக் கணக்கில் விலை வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இணைய வசதியுள்ள பெரிய டிவியில் ஓடும் நேரலையைத் தனிச் சரக்காக விற்கப் பழகுங்கள். அங்கே வரவேற்பறைக் கூட்டமும் கிடைக்கிறது, ஆளறிந்து விளம்பரம் காட்டவும் முடிகிறது. எந்த விளம்பரதாரருக்கு ஒரே இரவில் ஊரறிய வேண்டும், யாருக்குக் குறிப்பிட்ட ஆட்கள் மட்டும் போதும் என்று பிரித்துப் பார்த்தாலே பாதிப் பேரம் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

வேலையை மாற்றுவதா என்ற முடிவுக்கு முன் நிறுவனத்துக்குள் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். உங்கள் சேனலின் பெரிய போட்டிக்கான உரிமை ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? அதில் டிஜிட்டல் உரிமையும் உங்கள் கையில் இருக்கிறதா? இருந்தால் அங்கேயே அந்தப் பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். இல்லையென்றால், ஒப்பந்தம் முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பே, இரண்டு உரிமைகளும் சேர்ந்திருக்கும் இடமாகப் பார்த்துத் தேடத் தொடங்குங்கள்.