மிரட்டலுக்கு என்ன தண்டனை? அப்பாவின் வழக்கிலிருந்து சொல்கிறேன்

"ஒருவரை வாயால் மிரட்டினாலோ, ஆயுதத்தைக் காட்டி மிரட்டினாலோ சட்டப்படி என்ன நடக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. அப்பாவோடு மூன்று ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறி இறங்கியவன்.

வாயால் மிரட்டுவதும் குற்றம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 506-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 351-ஆம் பிரிவு. உடம்புக்கோ உடைமைக்கோ நற்பெயருக்கோ கேடு செய்வேன் என்று பயமுறுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொன்றுவிடுவேன், கையை வெட்டிவிடுவேன், வீட்டைக் கொளுத்திவிடுவேன் என்ற அளவுக்குப் போனால் ஏழு ஆண்டு வரை. மொட்டைக் கடிதம் போட்டு மிரட்டியிருந்தால் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு வரை கூடும்.

கையில் ஆயுதம் இருந்ததா என்பதை வைத்து இந்தப் பிரிவு தண்டனையை ஏற்றுவதில்லை. என்ன செய்வதாக மிரட்டினார் என்பதுதான் கணக்கு. ஆயுதத்துக்கு வேறு பிரிவுகள் சேரும். உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து. கத்தியைக் காட்டிப் பணத்தைப் பறித்தால் அது வழிப்பறி. அந்த வழிப்பறியில் கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு ஆண்டு. அடிக்கப்போவதுபோல் கம்பை ஓங்குவதே தனிக் குற்றம், மூன்று மாதம் வரை சிறை உண்டு. கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவதையும் சட்டம் இதற்கு உதாரணமாகக் காட்டுகிறது.

இனி எங்கள் கதை. 2016 கோடை. பங்குக் கிணற்றில் அன்று எங்கள் முறை. விடிவதற்கு முன் அப்பா மோட்டார் போடப் போனார். டார்ச்சோடு நான் பத்தடி பின்னால். அப்பாவின் பெரியப்பா மகன் வரப்பில் நின்றிருந்தார். கையில் வாழைக்கறை படிந்து கறுத்துப்போன அரிவாள். "சுவிட்சைத் தொட்டால் உன் கை இருக்காது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

காவல் நிலையத்தில் புகாரை எழுதிக் கொடுத்தவர் பழகிய கையால் "ஆபாச வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தார்" என்று எழுதினார். அப்பா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். கொல்வேன் என்றா சொன்னார்? இல்லை, கை இருக்காது என்றார். புகாரில் அது எங்கே? அப்பாவிடம் பதில் இல்லை. கடைசியாக, "நீங்கள் பயந்தீர்களா?" என்று கேட்டார். ஊர்க்காரர்கள் நான்கு பேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். "அவனுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?" என்றார் அப்பா.

பக்கத்துத் தோட்டக்காரரும் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகிவிட, விடுதலை என்று தீர்ப்பு வந்தது. அந்தக் காலைக்குப் பிறகு அப்பா என்னை எழுப்பாமல் இருட்டில் கிணற்றுக்குப் போனதே இல்லை. அதைக் கூண்டில் நின்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

பயமுறுத்தும் நோக்கம் இருந்ததா என்பதே இந்த வழக்குகளின் உயிர். அந்த நோக்கம் இல்லாமல் வெறுமனே வார்த்தைகளைச் சொல்வது போதாது என்று 2015-இல் மாணிக் தனேஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே புகாரில் "கொலை மிரட்டல்" என்று பொதுவாக எழுத விடாதீர்கள். அவர் வாயிலிருந்து வந்த சொற்களையே எழுதுங்கள், எழுதக் கூசும் சொல்லாக இருந்தாலும். நேரம், வெளிச்சம், எத்தனை அடி தூரம், யார் நின்றார்கள், அதன் பிறகு பயத்தால் எதை மாற்றிக்கொண்டீர்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். போனில் மிரட்டினால் பதிவை அழிக்காதீர்கள்; அந்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள். பதிவைச் சாட்சியமாக்கச் சான்றிதழ் ஒன்றும் சேர்க்க வேண்டும், அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. எங்களுக்கு வழக்கைவிடக் கைகொடுத்தது கோட்டாட்சியர் முன் நடந்த விசாரணைதான். அமைதி காப்பதாக ஓராண்டு வரை பிணைப் பத்திரம் எழுதி வாங்கலாம். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126. மீறினால் பிணைத்தொகை போகும். கையெழுத்துப் போட்ட அந்த ஓராண்டில் அவர் எங்கள் முறை நாளில் வரப்புப் பக்கமே வரவில்லை. இதையும் முதல் புகாரோடு சேர்த்தே கேளுங்கள். நாங்கள் கேட்கவே ஐந்து மாதம் ஆகிவிட்டது.