தொப்பி தொளதொளவென்று வந்தால் புது ஊசி செட் வாங்க வேண்டுமா?

தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப் போகிறது. மூன்று மாதமாகப் பழகிய குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னல்) அக்ரிலிக் நூலும் 4 மி.மீ. ஊசியும் வைத்து ஒரு தொப்பி பின்னியிருக்கிறார், ஆனால் தையலெல்லாம் தொளதொளவென்று, விரல் நுழைகிற ஓட்டையோடு வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த ஒரு ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊசி சரியில்லை, எங்கள் செட்டை வாங்கினால்தான் ஆர்டர் தர முடியும்" என்றாராம். செட் வாங்கலாமா, தொப்பியைப் பிரித்துவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள் தங்கச்சி. தையல் லூசாவதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் இரண்டு கைகளும் செய்கிற இரண்டு சின்ன விஷயம்தான், அதை எந்தச் செட்டும் திருத்தாது.

முதலில் ஊசி பிடிக்கிற கை. ஊசியைப் பாருங்கள், கொக்கிக்குக் கீழே கழுத்து மாதிரி ஒடுங்கியிருக்கும், அதற்கும் கீழே ஒரே கனத்தில் தண்டு இருக்கும். கண்ணியின், அதாவது ஊசியில் நிற்கிற நூல் வளையத்தின், அளவைத் தீர்மானிப்பது அந்தத் தண்டு. நூலை இழுத்த பிறகு கண்ணி தண்டில் ஒட்டி உட்கார வேண்டும், தள்ளினால் நகர வேண்டும், ஆனால் கண்ணிக்கும் தண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் நூலை இழுத்த கையோடு ஊசியை மேலே தூக்கிவிடுவார்கள், கண்ணி நீண்டுவிடும், அந்த நீளம் அப்படியே தையலில் தங்கிவிடும். பத்துத் தையல் மெதுவாகப் போட்டு உங்கள் மணிக்கட்டைக் கவனியுங்கள், மேலே எழும்புகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது நூல் பிடிக்கிற கை. ஆள்காட்டி விரலில் நூலைச் சும்மா தொங்கவிட்டால் பிடிமானமே இருக்காது. சுண்டு விரலில் ஒரு சுற்று, நடுவில் உள்ள இரண்டு விரலுக்கும் அடியால் எடுத்து, ஆள்காட்டி விரலுக்கு மேலே கொண்டு வாருங்கள். கொழுந்து பறிக்கிற கையென்றால் விரல் நுனி சொரசொரப்பாக இருக்கும், நூல் அதில் மாட்டி மாட்டி விடுபடும், அதனால் ஒரு தையல் இறுகி அடுத்தது தளர்ந்து வரும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிப் படுத்துவிட்டு, பின்ன உட்காரும்போது சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். காலைக் குளிரில் விறைத்த விரலால் தொடங்கி மாலையில் தொடர்ந்தால் அந்த இடத்தில் வித்தியாசம் தெரியும். என் வகுப்புக்கு வருகிறவர்களிடம் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் லூசாக வந்தால் 3.5 மி.மீ. ஊசி ஒன்றே ஒன்று வாங்குங்கள், அதற்கும் அடங்காவிட்டால் 3. தையல் சாமான் கடையில் தனி ஊசியாகவே கேளுங்கள். வீட்டில் பாட்டி காலத்து அலுமினிய ஊசி கிடந்தால் அதுவும் போதும், ஆனால் பழைய பிரிட்டிஷ் எண்கள் தலைகீழ்: 8 என்றால் 4 மி.மீ., 9 என்றால் 3.5. எண் ஏற ஏற ஊசி மெல்லியதாகும்.

அப்புறம், பின்னல் முறை எழுதிய எந்தத் தாளைப் பார்த்துப் பின்னினீர்கள்? பிரிட்டிஷ் முறையில் "டபுள்" என்பது அமெரிக்க முறையில் "சிங்கிள்", குட்டையான, நெருக்கமான தையல். அமெரிக்க முறையில் "டபுள்" என்பது அதைவிட உயரமான, இயல்பாகவே இடைவெளி விழுகிற தையல். தாள் பிரிட்டிஷ் முறையில் இருந்து, நீங்கள் அமெரிக்க வீடியோவைப் பார்த்துப் பின்னியிருந்தால் ஓட்டை விழத்தான் செய்யும், உங்கள் கை மேல் தப்பில்லை. சுயதொழில் பயிற்சி என்று மூன்று நாள் வகுப்பு வைத்து, எல்லோருக்கும் ஒரே அளவு ஊசியும் இங்கிலீசில் ஒரு போட்டோகொப்பியும் கொடுத்து, கடைசி நாள் சான்றிதழோடு படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்களே, இந்த ஒரு வித்தியாசத்தைத் தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுக்க அவர்களுக்கு என்ன கஷ்டம்? எத்தனை பிள்ளைகள் தங்களுக்குக் கை வராது என்று ஊசியைத் தூக்கி வைத்துவிட்டார்கள் தெரியுமா?

சரி, ஓட்டை தொப்பி முழுவதும் இல்லாமல், ஒவ்வொரு சுற்றும் சேருகிற இடத்தில் மட்டும் ஒரு கோடு மாதிரி இறங்கி வருகிறதா? அப்படியென்றால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, ஊசியையும் மாற்றாதீர்கள். சுற்றைத் தொடங்கும்போது மூன்று செயின் (சங்கிலித் தையல்) போட்டு அதை ஒரு டபுளாக எண்ணச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இங்கிருந்து நான் டபுள் என்று சொல்வதெல்லாம் அமெரிக்க முறை டபுள். மூன்று செயின் ஒரு டபுளைவிட மெலிந்தது, பக்கத்தில் இடைவெளி விடும். அதை எவ்வளவு இறுக்கினாலும் ஓட்டை போகாது, தொப்பிதான் ஒரு பக்கமாகச் சுருங்கும். இரண்டு செயின் மட்டும் போடுங்கள், அதை எண்ணாதீர்கள், அதே அடித்தையலில் முதல் டபுளைப் போடுங்கள். சுற்று முடிந்ததும் செயினை விட்டுவிட்டு அந்த முதல் டபுளின் தலையில் சேருங்கள். எண்ணிக்கை குழம்பாமலிருக்க அந்த டபுளில் ஒரு சேஃப்டி பின் குத்திக்கொள்ளுங்கள். நல்ல கை உள்ளவர்கள்கூட இந்தக் கோட்டைப் பார்த்துத் தங்கள் தையல் லூஸ் என்று வருந்துவதால்தான் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

ஒரே ஒரு கண்ணி மட்டும் நீண்டு தொங்கினால் வெட்டி முடிச்சுப் போடாதீர்கள். ஊசி முனையால் அந்த நீளத்தைப் பக்கத்துத் தையலுக்கு இழுங்கள், அங்கிருந்து அடுத்ததற்கு, ஐந்தாறு தையலில் கரைந்துவிடும். அயர்ன் பண்ணினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சூடு பட்ட அக்ரிலிக் தொய்ந்துபோகும், திரும்பவும் பழைய நிலைக்கு வராது.

அந்த ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். வேலை தருகிறவர் உங்களிடம் முதலில் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். செட்டில் வருகிற பத்துப் பன்னிரண்டு ஊசியில் உங்களுக்கு வேண்டியது ஒன்றோ இரண்டோதான். பணத்தைக் கட்டிப் பின்னிக் கொடுத்தாலும் "லூஸ்" என்று ஒரே சொல்லில் பாதி விலையைக் கழிப்பார்கள். எனக்கும் நடந்தது. லூஸ் என்று ஒருவர் திருப்பிக் கொடுத்த தொப்பிகளை ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனேன், ஒரு குறையும் சொல்லாமல் முழு விலைக்கு வாங்கிப் போனார்கள். ஆகவே யார் ஆர்டர் தந்தாலும் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை தையல், எத்தனை வரிசை என்று எழுதி வாங்குங்கள், மாதிரி ஒன்றையும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாமல் லூஸ் என்று சொல்லிக் காசைக் கழிக்க யாருக்கும் உரிமையில்லை. இதையெல்லாம் கேட்க ஒரு இடம் இருக்க வேண்டும், எங்கே இருக்கிறது? வீட்டிலிருந்து பின்னுகிற பெண்ணுக்கு அவள் எழுதி வாங்கிய தாள்தான் துணை.

அடுத்த தொப்பிக்கு ஒரு கணக்கு. பிறந்த குழந்தையின் தலை ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் சுற்றளவு, தொப்பி இழுபடும் என்பதால் 33 போதும். அதை 3.14ஆல் வகுத்தால் 10.5 வரும், அதுதான் தொப்பியின் உச்சியில் வருகிற வட்டத் தட்டின் குறுக்களவு. 12 டபுளில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் 12 கூட்டிக்கொண்டே போய், உச்சித் தட்டு அடிமட்டம் வைத்துக் குறுக்கே அளந்தால் 10.5 சென்டிமீட்டர் ஆனதும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராக இறக்குங்கள். தட்டு 13க்குப் போய்விட்டால் தொப்பி 41 ஆகும், பிள்ளையின் கண்ணை மூடும்.

உங்கள் முதல் தொப்பி அப்படி 41 சென்டிமீட்டர் வந்திருந்தால் பிரிக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, தொங்கவிடாமல் துவாயில் விரித்துக் காயவைத்து எடுத்து வையுங்கள், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது தலை 42, 43க்கு வந்துவிடும்.