கோயில் காணிக்கையிலிருந்து வேற்று இனத்தாருக்கும் வேற்று மதத்தாருக்கும் உதவலாமா?

கேள்வி கேட்டவர் தம் ஊர்க் கோயில் நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். நம்மவர்களே சிரமப்படும்போது வெளியாருக்குக் கொடுப்பது நியாயமா, நம் சமயம் அதற்கு இடம் தருகிறதா, ஆண்டுக் கூட்டத்தில் இதை எப்படிப் பேசுவது, தீர்மானத்தின் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பதே என் பதில். ஆனால் எந்தப் பணத்திலிருந்து, எந்த வடிவத்தில் என்பதில் நாங்கள் தவறு செய்து கற்றுக்கொண்டவை சில உண்டு. அவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவன். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனைக்கு மாறிய ஒரு தோட்டத்தின் மாரியம்மன் கோயிலில், எங்கள் குடும்பம் பட்டணத்துத் தாமானுக்குக் (வீடமைப்புக் குடியிருப்புக்குக்) குடிபெயர்ந்த பிறகும், 11 ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, கட்டுமான வேலைகள் நின்றுபோயின. ஒரு குத்தகைக்காரர் கொண்டுவந்து எங்கள் தோட்டத்தின் பழைய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தங்கவைத்திருந்த வங்காளதேசத் தொழிலாளர் இருபதுக்கும் மேற்பட்டோர், சம்பளமும் இல்லாமல் வெளியே போகவும் வழியில்லாமல் முடங்கிக் கிடந்தார்கள். குத்தகைக்காரர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. கோயிலுக்கு விளக்கேற்றப் போன பண்டாரம்தான் இதை எங்களுக்குச் சொன்னார்.

நான் போய்ப் பார்த்த வீடு என் தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த வீடு. அவர் தம் கையால் சிமெண்டு பூசிக் கட்டிய அடுப்பு மேடை அப்படியே இருந்தது. அதன்மேல் கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரு பெரிய சட்டியும், நெகிழிப் பையில் இரண்டு பிடி அரிசியும் இருந்தன. சட்டி காய்ந்திருந்தது. மழைக் காலத்தில் மரப்பட்டை ஈரமாகிப் பால் வெட்ட முடியாமல் போகும் நாள்களில், வெட்டினால்தான் கூலி என்றிருந்த அந்தக் காலத்தில், என் பாட்டியும் அதே மேடையில் அப்படித்தான் சட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார் என்ற எண்ணம் வந்த பிறகு, அவர்கள் யார், என்ன மதம் என்ற கேள்வியே எனக்கு எழவில்லை.

ஆனால் அந்தக் கேள்வி குழுவில் எழுந்தது. அன்றிரவு புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நடந்த கூட்டத்தில் எங்கள் பொருளாளர் அண்ணன் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “தம்பி, இது நம்ம சனங்க வயித்தக் கட்டி உண்டியல்ல போட்ட காசு. நம்ம தாமான்லயே வேல போன வீடு பதினஞ்சு இருக்கு. மொதல்ல அதப் பாருங்க.” அவர் கல்நெஞ்சர் அல்லர். எங்கள் ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தோட்டத் தொழிலாளரிடம் எங்கள் நாட்டுப் பணமான வெள்ளியில் பத்துப் பத்தாகச் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கிய கதையை அவர் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். நம்மவர் காசு நம்மவரைத் தூக்கிவிட வேண்டும் என்பது அவருக்கு வெறும் வாதம் அன்று, வாழ்ந்து பார்த்த உண்மை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபோது வீடும் வேலையும் ஒருசேர இழந்த குடும்பங்களை அவர் நேரில் பார்த்திருக்கிறார். இந்தக் கவலையைக் குறுகிய மனம் என்று தள்ளிவிடுபவர்களோடு நான் உடன்படவில்லை.

எனினும் அந்தக் கூட்டுறவுச் சங்கம் பங்குதாரர் தமக்காகத் தாமே சேர்த்த முதலீடு. அது தானம் அன்று. சமயம் தானம் என்று எதைச் சொல்கிறது என்பதே நம்முன் உள்ள கேள்வி. “வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து” என்ற குறளை நம்மில் பலரும் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். குறியெதிர்ப்பு என்பது ஒருபடி அரிசி கைமாற்றாக வாங்கி அதே ஒருபடியைத் திருப்பித் தருவது. நம் வீட்டுத் திருமணங்களில் மொய் எழுதுகிறோம், அடுத்த வீட்டுத் திருமணத்திற்குப் போகுமுன் அவர்கள் நமக்கு எவ்வளவு எழுதினார்கள் என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறோம். அது நல்ல வழக்கம், ஒரு சமூகத்தைத் தாங்கி நிறுத்தும் வழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது குறியெதிர்ப்பு. நம்மவருக்குக் கொடுப்பதில் பெரும்பகுதி, நாம் அறிந்தோ அறியாமலோ, எங்காவது ஒரு மொய்ப் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. ஊர் திரும்பிப் போகப்போகிற ஒரு வங்காளதேசத்துப் பையனுக்குக் கொடுத்த அரிசி எந்தப் புத்தகத்திலும் ஏறாது. நம் ஈகையில் எவ்வளவு பக்தி, எவ்வளவு கொடுக்கல் வாங்கல் என்று நமக்கே தெரியவருவது அங்கேதான். “ஆர்க்கும் இடுமின் அவரிவர் என்னன்மின்” என்ற திருமந்திர அடியில் முதலில் நம்மவர், பிறகு மற்றவர் என்ற வரிசை இல்லை.

இன்னொன்றும் உண்டு. வெளியாருக்குக் கொடுப்பது பற்றிப் பேசும்போது, வெளியாரிடமிருந்து நாம் வாங்கியதை நாம் மறந்துவிடுகிறோம். 1991இல் என் அப்பா இறந்தபோது எனக்கு 14 வயது. பட்டணத்துச் சீனர் மளிகைக் கடையில் எங்களுக்குக் கடன் கணக்கு இருந்தது, முகப்பில் 555 என்று அச்சிட்ட, சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு புத்தகத்தில். கடை முதலாளியான தவுக்கே இழவு வீட்டுக்கு வந்து, அப்பாவின் முன் நின்று மூன்று முறை தலைகுனிந்து வணங்கிவிட்டு, அம்மாவின் கையில் ஒரு வெள்ளை உறையைக் கொடுத்தார். அவர்கள் வழக்கப்படி துக்கத்திற்குக் கொடுக்கும் பணம் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதால் உள்ளே 51 வெள்ளி இருந்தது. அதன்பின் நான்கு மாதம் அவர் எங்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொடுத்தார், பழைய பாக்கியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அம்மா தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போய்ச் சிறுகச் சிறுகக் கட்டி முடித்த அன்று, அவர் எழுதுகோலால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் புத்தகத்தை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். அந்தக் கடையில் தரையோரம் சிவப்பு மாடம் ஒன்று உண்டு, காலையில் ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டுத்தான் அவர் கடையைத் திறப்பார். அவருடைய தெய்வத்தின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

என்னோடு பள்ளியில் பணிபுரிந்த மலாய் நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றி ஒருமுறை பேசினேன். ஸக்காத் எனப்படும் கடமைக் கொடை யாருக்குச் சேர வேண்டும் என்று குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் எட்டு வகையினரை வகுத்துச் சொல்கிறது என்றும், நம் நாட்டில் அதை மாநிலச் சமய மன்றங்கள் நிர்வகிக்கின்றன என்றும், அது பெரும்பாலும் முஸ்லிம்களுக்கே உரியதாகக் கொள்ளப்படுகிறது என்றும், ஆனால் ஸதகா எனப்படும் விருப்பக் கொடையை யாருக்கும் கொடுக்கலாம் என்றும் அவர் விளக்கினார். அந்தப் பகுப்பு எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. தம்மவருக்கான கடமையும் எல்லோருக்குமான கொடையும் ஒன்றையொன்று விழுங்காமல் தனித்தனிக் கணக்கில் இருக்க முடியும். சீக்கியரின் குருத்துவாராவில் யார் போய் அமர்ந்தாலும் உணவு உண்டு, 2021 டிசம்பரில் சிலாங்கூரைப் பெருவெள்ளம் மூழ்கடித்தபோது அங்கே சமைத்த உணவு எல்லா இனத்தாருக்கும் போனது. நம்மிடமே வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1867இல் தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, பந்தியில் சாதி மதம் கேட்பதில்லை.

இனி, எந்தப் பணம் என்ற கேள்வி. சாமி பெயரால் வந்த பணத்திற்கு இனம் இல்லை, ஆனால் நோக்கம் உண்டு. திருப்பணிக்கு என்று ஒரு பாட்டி முடிந்து வைத்திருந்து போட்ட பத்து வெள்ளியை எடுத்து, எவ்வளவு நல்ல காரியமானாலும், வேறொன்றுக்குச் செலவிடுவது அவருக்குச் செய்யும் துரோகம். நம் நாட்டில் பல கோயில்கள் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. உங்கள் கோயிலின் விதிமுறைகளில் நோக்கங்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். சமூக நலம் அல்லது அறப்பணி அதில் இருந்தால் வழி எளிது, இல்லையென்றால் பொதுக்கூட்டத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு செய்தியில் எங்கள் பொருளாளர் அண்ணன் சொன்னதே சரி. ஆகவே 2020இல் நாங்கள் உண்டியலைத் தொடவில்லை. குழுவினர் ஏழு பேர் சொந்தப் பணத்தைப் போட்டோம், அவரும் நூறு வெள்ளி கொடுத்தார். அடுத்து வந்த ஆண்டுக் கூட்டத்தில் தனிப் பெட்டி ஒன்று வைக்கத் தீர்மானித்தோம். அதில் போடுகிறவருக்கு அது யாருக்கும் போகலாம் என்பது தெரியும், பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எந்த வடிவத்தில் என்பதில்தான் நாங்கள் அதிகம் தவறினோம். முதல் தடவை கொண்டுபோன பொட்டலங்களில், எங்கள் வீடுகளில் அரைத்த சாம்பார்த் தூளை அன்போடு சேர்த்திருந்தோம். அடுத்த வாரம் போனபோது அந்தப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் ஓர் ஓரத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை, ஹலால் முத்திரையும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவர்களில் மலாய் தெரிந்த ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய். முதலிலேயே கேட்டிருக்கலாம். ஏப்ரல் 24ஆம் தேதி நோன்பு மாதம் தொடங்கியதால் அந்தப் பட்டியலோடு பேரீச்சம்பழமும் வாங்கிச் சென்றோம். நான் குறிப்பிட்ட மலாய் நண்பர் ஹஜ்ஜுப் பெருநாளில் எங்கள் வீட்டுக்கு ஆட்டிறைச்சிதான் அனுப்புவார், மாட்டிறைச்சி ஒருநாளும் வந்ததில்லை. அவர் அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை. வாங்குகிறவரின் சமையற்கட்டைத் தெரிந்துகொண்டு கொடுக்கும் அந்தப் பக்குவம் எங்களுக்கு அப்போது இருக்கவில்லை.

படம் எடுப்பது பற்றி எங்களுக்குள் கடுமையாகவே வாதம் நடந்தது. கோயில் பெயர் எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டு, அரிசி மூட்டையோடு நிற்பவரின் முகம் தெரியப் படம் போட்டால்தான் நன்கொடை வரும் என்றார் ஒருவர். பொருள்களை மட்டும் படமெடுக்கலாம், மனிதரை எடுக்கக்கூடாது என்று முடிவு செய்தோம். அதனால் நன்கொடை குறைந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

இதைவிட முக்கியமானது சமயப் பிரசாரம். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, மரம் ஏற்றும் லாரிகள் போகும் செம்மண் சாலையில் நான்கு சக்கர வண்டியில் மட்டுமே போகக்கூடிய தெமியார் பூர்வக்குடிக் கிராமங்கள் உள்ளன. பெருமழைக்குப் பிறகு ஒரு கிராமத்துக்கு அரிசியும் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பைகளும் கொண்டு சென்றோம். மூங்கில் திண்ணையில் உட்கார்ந்திருந்த தோக் பாத்தின் (கிராமத் தலைவர்) எங்களை வரவேற்றுத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மூட்டைகளைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்த்து, “நீங்கள் எந்த மதம்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று மலாயில் கேட்டார். கோபமில்லாமல், விலை விசாரிப்பதுபோல் கேட்டார். பொருளோடு சமயத்தையும் சுமந்து வருபவர்களை அவர் முன்பு பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொன்னதை அவர் உடனே நம்பிவிடவில்லை. அன்று முதல், எங்கள் பெட்டியிலிருந்து போகும் எந்தப் பொருளிலும் சாமி படமோ விபூதிப் பொட்டலமோ வைப்பதில்லை. சமய நம்பிக்கை, கொடுப்பவரிடம் இருந்தால் போதும், பொட்டலத்துக்குள் அது வேண்டியதில்லை.

2021 ஜூன் இறுதியில் வெள்ளைக் கொடி இயக்கம் நாடெங்கும் பரவியபோது, உணவில்லாத வீட்டார் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். எங்கள் தாமானிலும் அடுத்த கிராமத்திலும் கட்டியிருந்தார்கள். பெட்டி முன்பே இருந்ததால் எங்களுக்குக் கூட்டம் போட்டு வாதிட வேண்டிய வேலை இருக்கவில்லை, இருவர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்து அன்று மாலையே பொருள் கொடுத்தார்கள்.

பொருளாளர் அண்ணன் இன்றும் முழுமையாக உடன்படவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் “நம்ம வீடுங்க முடிஞ்சுதா?” என்று கேட்கிறார். கொடி கட்டக் கூச்சப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களை அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரை எதிர்த்து வாக்கெடுப்பில் வெல்லப் பார்க்காதீர்கள், பெட்டியின் கணக்கை அவரிடமே ஒப்படையுங்கள்.

தீர்மானத்தின் வாசகம் கேட்டிருந்தீர்கள். எங்களுடையது இது: “திருப்பணி, திருவிழா நிதிகளிலிருந்து வேறாக, அறப்பணிப் பெட்டி ஒன்று வைக்கப்படும். அதிலிருந்து உதவி பெறுவோரின் இனமோ சமயமோ கேட்கப்படாது. குழுவினர் இருவர் நேரில் சென்று தேவையை அறிந்து வருவர். வரவு செலவு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.” இனம், சமயம் என்ற சொற்களை எடுத்துவிட்டுப் பொதுவாக எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். எடுக்க விடாதீர்கள், பின்னால் தகராறு வருவது அந்த இடத்தில்தான்.