பிரான்சின் கூசி கோட்டையின் வரலாறு என்ன? இடிந்த பின் அதை ஏன் மீண்டும் கட்டவில்லை?

பாரிசுக்கு வடகிழக்கே, லாவோன், சுவாசோன் ஆகிய நகரங்களுக்கு இடையில் உள்ள சிற்றூர் கூசி. அங்கே குன்றின் முனையில் இக்கோட்டையை 1220களில் எழுப்பியவர் மூன்றாம் ஆங்கெரான் என்னும் குறுநிலத் தலைவர். நான்கு மூலைகளிலும் கோபுரங்கள் நிற்க, முன்புறத்தில் ஏறத்தாழ 55 மீட்டர் உயரமும் 30 மீட்டர் விட்டமும் கொண்ட வட்டப் பெருங்கோபுரத்தை அவர் கட்டினார். பாரிசில் மன்னருக்கு இருந்த லூவ்ர் கோபுரமே அதில் ஏறத்தாழப் பாதிதான். "அரசனும் அல்லேன், இளவரசனும் அல்லேன், நான் கூசியின் தலைவன்" என்று பொருள்படும் அக்குடும்பத்தின் விருதுமொழியில் தொனிக்கும் செருக்கு அந்தக் கோபுரத்திலும் இருந்தது. அதன் மூன்று தளங்களின் வளைகூரைகளிலும் நட்டநடுவே வட்டத் துளை விட்டிருந்தார்கள்; ஆயுதங்களையும் உணவுப் பொருள்களையும் கீழிருந்து மேலே இழுத்துக்கொள்வதற்கான வழி அது.

அக்குடும்பத்தின் ஆண்வாரிசுகளில் கடைசியானவரான ஏழாம் ஆங்கெரான், 1396இல் நிக்கோபோலிஸ் போரில் துருக்கியரிடம் சிறைப்பட்டு, மறு ஆண்டு புர்சாவில் இறந்தார். அதன்பின் கோட்டை ஓர்லியான் கோமகன் லூயியின் கைக்குப் போனது. உள்நாட்டுக் கலகத்தின்போது, 1652இல், அமைச்சர் மசரேன் அதைத் தகர்க்க ஆணையிட்டார். உட்கூரைகள் விழுந்தும் பெருங்கோபுரத்தின் சுவர் விழவில்லை. 1692இல் நிலநடுக்கம் விரிசல் உண்டாக்கியது. 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-துக் இரும்புப் பட்டைகளைச் சுற்றிப் பூட்டி அதைக் காத்தார்.

இத்தனையையும் தாங்கிய கோபுரத்தை, முதல் உலகப் போரில், 1917 மார்ச்சில் பின்வாங்கிச் சென்ற ஜெர்மானியப் படை 28 டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. பீரங்கிப் போர்க்காலத்தில் அதற்கு இராணுவப் பயன் ஏதும் இல்லை என்று ஜெர்மானியப் படைத்தலைவர்களில் ஒருவரான பவேரிய இளவரசர் ரூப்ரெக்ட் எடுத்துச் சொல்லியும் தளபதி லூடென்டார்ஃப் இணங்கவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு இன்றும் ஆறாத பகுதி இதுதான்.

போருக்குப் பின் ஊரைத் திரும்பக் கட்டினார்கள். கோட்டையை மட்டும், நடந்த காட்டுமிராண்டித்தனத்தின் சான்றாக, இடிபாடாகவே விட்டுவைத்தார்கள். அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். கூசியை வாங்கிய அதே லூயி கட்டிய பியெர்ஃபோன் கோட்டை சற்றுத் தொலைவில்தான் உள்ளது. இடிந்து கிடந்த அதனை மூன்றாம் நெப்போலியனுக்காக 1857 முதல் வியொலே-லெ-துக் புதுப்பித்தார். அழகான கட்டடம்தான், ஆனால் அங்கே கண்ணில் படுவதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் கற்பனை. கூசியில் எஞ்சியுள்ள மூலைக் கோபுரங்களின் இடிபாடுகளும் உடைந்த மதில்களும் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டுக் கொத்தர்கள் அடுக்கிய கற்களேயாகும்.