காது மெஷின் தேடியது அப்பா, விளம்பரம் வந்தது மகளின் கேமில்

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் 9 வயது மகள் என் போனில் இலவச பஸில் கேம் ஆடுவாள். என் அம்மாவுக்காக அதே போனில், ஒரு ஷாப்பிங் ஆப்பில் காது மெஷின் விலை தேடினேன். மறுநாளே அவள் கேமுக்கு நடுவில் அந்த விளம்பரம். எங்கள் ஊர்க் கடைகளின் விளம்பரமும் வருகிறது. லொகேஷன் அனுமதியே நான் கொடுக்கவில்லை. கேம் எங்கள் பேச்சை ஒட்டுக்கேட்கிறதா? அதை நீக்கிவிட்டால் போதுமா?"

ஒட்டுக்கேட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு அவசியமே இல்லை. ஆண்ட்ராய்டு போன்களில் விளம்பரத்துக்கென்றே ஒரு அடையாள எண் இருக்கிறது. நீங்கள் விலை பார்த்த ஷாப்பிங் ஆப்புக்கும், மகள் ஆடும் கேமுக்கும் தெரிவது அதே எண்தான். இந்த எண்காரர் காது மெஷின் பார்த்தார் என்ற தகவல் விளம்பர நிறுவனத்திடம் போய்விட்டால், அப்புறம் அந்தப் போனில் விளம்பரம் காட்டும் எந்த ஆப்பைத் திறந்தாலும் அந்த விளம்பரம் பின்னாலேயே வரலாம்.

கேமை உருவாக்கியவர் இந்த விளம்பரங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. கூகுளின் ஆட்மாப், யூனிட்டி, ஆப்லவின் போன்ற விளம்பரச் சேவைகள் தரும் எஸ்டிகே என்ற நிரல் தொகுப்பைத் தன் கேமுக்குள் சேர்த்துவிடுகிறார், அவ்வளவுதான். ஒரு லெவல் முடிந்ததும், விளம்பரம் வர வேண்டிய இடத்துக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் நடக்கும். அடையாள எண், போன் மாடல், ஐபி முகவரி (உங்கள் நெட் இணைப்புக்கு உரிய எண்), கேமின் பெயர் என்று ஒரு விவரச் சீட்டு பல நிறுவனங்களுக்குப் போகும். ஜெயிப்பது ஒருவர்தான், ஆனால் தோற்றவர்கள் கையிலும் அந்தச் சீட்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது. காது மெஷின் விளம்பரத்தைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

ஊர்க் கடை விளம்பரம் வர லொகேஷன் அனுமதி வேண்டியதில்லை. ஐபி முகவரியை வைத்தே எந்த ஊர்ப் பக்கம் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். சிலர் அதோடு நிற்பதில்லை. பெங்களூரைச் சேர்ந்த இன்மொபி என்ற விளம்பர நிறுவனத்துக்கு 2016இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 9,50,000 டாலர் அபராதம் விதித்தது. லொகேஷன் தர மறுத்தவர்களையும், அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களை வைத்து அது இடம் கண்டுபிடித்துப் பின்தொடர்ந்தது என்பது குற்றச்சாட்டு. அதில் குழந்தைகளுக்கான ஆப்களும் அடக்கம். பின்னால் வந்த ஆண்ட்ராய்டு பதிப்புகளில் இந்தக் குறுக்குவழி பெருமளவு அடைக்கப்பட்டுவிட்டது.

மைக் விஷயத்தில் உங்கள் சந்தேகம் வெறும் பிரமை என்றும் சொல்ல மாட்டேன். அல்ஃபான்ஸோ என்ற நிறுவனத்தின் மென்பொருள் 250க்கும் மேற்பட்ட கேம்களில் இருந்ததும், வீட்டு டிவியில் என்ன விளம்பரம் ஓடுகிறது என்பதை அது மைக் வழியாகக் கண்டறிந்ததும் 2017இல் வெளிவந்தது. மனிதர்கள் பேசுவதைப் பதிவு செய்வதில்லை என்றது அந்த நிறுவனம். எப்படியிருந்தாலும் ஒரு பஸில் கேமுக்கு மைக் எதற்கு? அனுமதிப் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. ஆடுவது 9 வயதுக் குழந்தை என்று அந்த ஏலத்தில் யாருக்குத் தெரியும்? உங்கள் போன், உங்கள் கூகுள் கணக்கு, ஆகவே ஆடுவது நீங்கள். சூதாட்டம் போலத் தெரியும் விளம்பரமோ கடன் ஆப் விளம்பரமோ அவள் கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரங்களையும் அவர்கள் நடவடிக்கைகளைப் பின்தொடர்வதையும் தடை செய்கிறது. 18 வயது நிரம்பாத எல்லோரும் அதன்படி குழந்தைகள். அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான பிரிவுகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் முழுதாக வந்தாலும், அப்பா பெயரில் ஆடும் குழந்தையை அது எப்படி அடையாளம் காணும்?

வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால், அதில் மகளின் உண்மையான வயதைக் கொடுத்து ஃபேமிலி லிங்க் கணக்கு (பெற்றோர் மேற்பார்வையில் இருக்கும் கூகுளின் குழந்தைக் கணக்கு) தொடங்குங்கள். அந்தக் கணக்குகளுக்குக் கூகுள் ஆளைப் பார்த்து விளம்பரம் காட்டுவதில்லை. கேம் வயது கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்கள். சீக்கிரம் உள்ளே போக 1985 என்று தட்டிவிடுவது நம் வழக்கம், அதுதான் வினை.

உங்கள் போனில் செட்டிங்ஸ் போய், கூகுள், அதற்குள் ஆட்ஸ் என்ற பகுதியில் விளம்பர ஐடியை, அதாவது மேலே சொன்ன அடையாள எண்ணை, நீக்குங்கள். சில மாடல்களில் இது பிரைவசி பகுதியில் இருக்கும். நீக்கிய பிறகு, எண்ணைக் கேட்கும் ஆப்புக்கு வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். விளம்பரம் குறையாது, உங்களைப் பின்தொடர்வது குறையும். ஐபோன் என்றால், பின்தொடர அனுமதி கேட்கும் பெட்டியில் மறுத்துவிடுங்கள். 2021இல் வந்த ஐஓஎஸ் 14.5 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் கேமில் ஃபேஸ்புக் கணக்கிலோ இமெயிலிலோ லாகின் செய்திருந்தால் பூஜ்யங்களால் பெரிய பயன் இல்லை, இமெயிலே அடையாளம் ஆகிவிடும். கெஸ்ட் என்று ஆடுவதே நல்லது. நெட் இல்லாமல் ஓடும் கேம் என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுக் கொடுங்கள், ஏலத்துக்கே வழியில்லை.

காசு கொடுத்து விளம்பரம் இல்லாத பதிப்பு வாங்கலாமா என்றால், வாங்கலாம். விளம்பரம் நிற்கும். ஆனால் தகவல் சேகரிப்பும் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். பிளே ஸ்டோரில் தரவுப் பாதுகாப்பு என்று வரும் பகுதியைப் பாருங்கள். ஆனால் அது கேம் நிறுவனம் தானே எழுதிக்கொடுப்பது.

கேமை நீக்கினால் அதன் வழியாகப் புதிதாக எதுவும் போகாது. ஏற்கெனவே போனது அங்கேயே கிடக்கும். கேமில் கணக்கு வைத்திருந்தால், ஆப்பை அழிப்பதற்கு முன் கணக்கையும் தரவையும் நீக்கச் சொல்லிக் கேளுங்கள். கணக்குத் தொடங்க விடும் ஆப்கள் நீக்கவும் வழி தர வேண்டும் என்பது பிளே ஸ்டோர் விதி. அதற்கான இணைப்பு அந்தத் தரவுப் பாதுகாப்புப் பகுதியிலேயே இருக்கும்.